பரீட்சை நாளில் வரும் காய்ச்சல்

எங்கள் நகரத்துப் பாடசாலைகள் அத்தனைக்கும் தலைவியாக இருக்கும் அம்மையாரை நான் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை வெற்றுப் போத்தல் போடும் தொட்டியடியில் சந்திக்கிறேன். பச்சைப் போத்தலுக்கு ஒரு ஓட்டை, பழுப்புக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று. அவர் துவிச்சக்கரவண்டியில் வந்து, பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, நிறம் பார்த்துப் போடுகிறார். முன்னால் யாராவது நின்றால் வரிசையில் நிற்கிறார். முதல் தடவை கண்டபோது, அவர் முந்திப் போடட்டும் என்று நான் என் பையைக் கீழே வைத்துவிட்டு விலகி நின்றேன். எனக்கு முழங்கால் வருத்தம் என்று நினைத்துவிட்டார் போலும். என் போத்தல்களையும் குனிந்து எடுத்துப் போட்டுவிட்டு, "குளிர் நாளில் மூட்டுகளைச் சூடாக வைத்திருங்கள்" என்று டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், சொல்லிவிட்டுப் போனார். என் வெற்றுப் போத்தலை ஒரு கல்வி அதிகாரி கையால் தொட்ட அன்று முழுவதும் நான் ஒரு நிலையில் இருக்கவில்லை.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு அவருடைய பதவியின் கனம் விளங்க வேண்டும். இங்கே, சுவிசில், அவரை ஷூல்பிரெசிடென்டின் என்கிறார்கள். நகரத்தின் பாலர் வகுப்பிலிருந்து எல்லாப் பாடசாலைகளும், அவற்றின் அதிபர்களும், ஆசிரியர்களும் அவருடைய சபைக்குக் கீழே. நம் நாட்டு வழக்கில் சொன்னால் வலயக் கல்விப் பணிப்பாளர். வித்தியாசம், இவரைச் சனங்கள் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்கிறார்கள். கிழமையில் பாதி நாள்தான் இந்த உத்தியோகம். மீதி நாள்களில் நாரி நோவுக்காரருக்கு உடற்பயிற்சி கொடுக்கும் நிலையமொன்றில் வேலை செய்கிறார். பிள்ளைகளின் கல்வியும் கிழவர்களின் முதுகெலும்பும் ஒரே கையில் இருக்கும் நாடு இது. நகரத்தின் பெயரை எழுதவில்லை. ஊஸ்டருக்கு இரண்டு ரயில் தரிப்பிடம் தள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் இதையெல்லாம் அறிந்தவன் மாதிரிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. ஊரில் நான் ஒரு வலயக் கல்வி அலுவலகத்தில் புள்ளிவிபரங்களுக்குப் பொறுப்பான எழுதுவினைஞராக இருந்தேன். அந்த வலயத்தின் பெயரையும் எழுதப்போவதில்லை. அந்தப் பணிப்பாளர் இன்னும் உயிரோடும் நல்ல ஞாபகசக்தியோடும் இருக்கிறார். பிறகு இங்கே வந்து, அகதி விண்ணப்பம், மேன்முறையீடு, பி விசா, சி விசா என்று எல்லாப் படிவங்களையும் ஒரு பிழையும் இல்லாமல் நிரப்பி, ஒரு பாடசாலையில் ஹவுஸ்வார்ட்டாக, அதாவது கட்டடம் பார்ப்பவனாக, இருபது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வுபெற்றேன். ஆகவே கல்வியை நான் மேலே கோப்பிலிருந்தும் பார்த்திருக்கிறேன், கீழே தரையிலிருந்தும் பார்த்திருக்கிறேன். தரை சுத்தமாக இருந்தது.

எங்கள் பணிப்பாளர் ஒரு பாடசாலைக்குப் போகிறார் என்றால் அது ஒரு சுவாமி புறப்பாடு. காலையிலிருந்து பிள்ளைகள் வெயிலில் கொடி பிடித்து நிற்பார்கள். வாகனச் சத்தம் கேட்டதும் அதிபர் சால்வையைச் சரிசெய்துகொண்டு படலைக்கு ஓடுவார். கதவைத் திறக்க ஒருவர், கோப்பைத் தூக்க நான். மாலை, பொன்னாடை, பாராட்டு மடல். மடலை எழுதுவதும் நான்தான். "தங்கள் காலத்தில் எமது வலயத்தின் கல்வி அடைவு இமயமென உயர்ந்தது" என்று எழுதுவேன். வன்னியில் வெள்ளத்துக்கு ஏறி நிற்கவே ஒரு மேடு கிடையாது. இருந்தும் எல்லோரும் இமயத்துக்குக் கை தட்டினார்கள்.

அடைவு உயர்ந்தது பொய்யல்ல. உயர்த்தியவன் நான். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் சித்தி வீதம் என்பது, சித்தியடைந்தவர்களின் தொகையைப் பரீட்சைக்குத் தோற்றியவர்களின் தொகையால் பிரித்து நூறால் பெருக்கி வருவது. மேலே உள்ள எண்ணைக் கூட்டுவதென்றால் ஆசிரியர் வேண்டும், புத்தகம் வேண்டும், கூரையுள்ள வகுப்பறை வேண்டும், பிள்ளை காலையில் ஏதாவது சாப்பிட்டிருக்க வேண்டும். கீழே உள்ள எண்ணைக் குறைக்க ஒரு சிவப்புப் பேனை போதும். தவணைப் பரீட்சைப் புள்ளிகளைப் பார்த்து, தேறமாட்டாத பிள்ளைகளுக்கு நேரே நான் சிறிய புள்ளி ஒன்று வைப்பேன். அதிபர்மாருக்கு அறிவுறுத்தல் வாய்மொழியாகப் போகும். எழுத்தில் போகாது, அந்த அளவுக்கு நாங்கள் நடைமுறை தெரிந்தவர்கள். அதிபர் பெற்றோரைக் கூப்பிட்டு, "பிள்ளையை வீணா வருத்தாதேங்கோ, அண்டைக்கு ஒரு நாள் வீட்டில வச்சிருங்கோ" என்பார். தோற்றாதோர் நிரலில் காரணம் எழுதவேண்டிய இடத்தில் நான் "காய்ச்சல்" என்று எழுதுவேன். எந்த வைத்தியரும் அறியாத காய்ச்சல் அது. வருடத்தில் ஒரு நாள் வரும். கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைகளை மட்டும் பிடிக்கும். பின்னேரம் விளையாடப் போகும் நேரத்துக்குள் மாறிவிடும்.

இந்த ஏற்பாட்டில் ஒரேயொரு தடவைதான் தடங்கல் வந்தது. இடம்பெயர்ந்து வந்து கொட்டில் ஒன்றில் இருந்த தகப்பன் ஒருவர் மகளைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு பரீட்சை நிலையத்துக்கே வந்துவிட்டார். பிள்ளையின் கையில் இரண்டு பென்சில், இரண்டும் புதிதாகக் கூராக்கியது. நான் படலையில் நின்றேன்.

"சேர், இவவுக்குக் காய்ச்சல் எண்டு பதிஞ்சிருக்காம்," என்றார் அவர். "ஆர் சொன்னது எண்டு எனக்குத் தெரியாது. நீங்கள் ஒருக்கா நெத்தியைத் தொட்டுப் பாருங்கோவன்."

நான் தொடவில்லை. தொட்டால் நிரல் பிழையாகிவிடும். "நேரம் போட்டுது அண்ணை, இனி உள்ள விடேலாது" என்றேன். நேரம் போயிருக்கவில்லை. அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அந்த வருடம் எங்கள் வலயம் மாகாணத்தில் நல்ல இடத்துக்கு வந்தது. பொன்னாடை பச்சை நிறம். மடல் வழக்கம்போல நான்.

இனி இந்த வருடத்துக்கு வருகிறேன். இங்கே ஆறாம் வகுப்பு முடிவில் பிள்ளைகள் விரும்பினால் கிம்னாசியத்துக்கு ஒரு நுழைவுப் பரீட்சை எழுதலாம். தேறினால் பல்கலைக்கழகப் பாதை. தேறாவிட்டால் சாதாரண உயர்வகுப்பு, பிறகு தொழில் பழகலாம், பிறகும் படிக்கலாம், இன்னொரு தரம் பரீட்சையும் எழுதலாம். சுவிஸ்காரர் இதை இரண்டு பாதை என்கிறார்கள். நம்மவர்கள் ஒன்றைப் பாதை என்றும் மற்றதைப் பள்ளம் என்றும் அழைக்கிறோம். மார்ச் மாதம் எங்கள் நகரத்துத் தமிழ்ப் பிள்ளைகள் ஐந்து பேர் எழுதினார்கள். மூன்று பேர் தேறினார்கள். செய்தி வந்த மறுநாளே பெற்றோர் சங்கத் தலைவர் தவராசா என் வீட்டுக் கதவடியில் நின்றார். அவர் பொதி அனுப்பும் கிடங்கொன்றில் மேற்பார்வையாளர். எதையும் பெட்டியில் போட்டு முகவரி எழுதி அனுப்பாவிட்டால் அவருக்குச் சரிவராது.

"அண்ணை, அந்தப் பொம்பிளைக்கு ஒரு பாராட்டு விழா வைக்கவேணும். மாலை, பொன்னாடை எல்லாம். மடல் நீங்கள்தான் எழுதவேணும். தமிழில ஒண்டு, டொச்சில ஒண்டு."

"அவ என்ன செய்தவ எண்டு பாராட்டுறது?"

"அதை மடலில நீங்கள்தானே எழுதப்போறியள்."

இந்தப் பதிலில் ஒரு வலயக் கல்வி அலுவலகம் முழுவதும் அடங்கியிருந்தது. நான் ஒப்புக்கொண்டேன். ஓய்வுபெற்றவனுக்கு வேறு என்ன வேலை.

மடல் என்றால் முதலில் தரவு வேண்டும். நகரசபையின் கல்விப் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்து, பரீட்சை முடிவுகளின்படி மாநிலத்தில் எங்கள் நகரம் எத்தனையாவது இடம் என்று கேட்டேன். மறுமுனையில் இருந்த பெண் முதலில் என் பெயரையும் முகவரியையும் எழுதிக்கொண்டார். பிறகு, "உங்கள் பிள்ளைக்கு ஏதாவது அநீதி நடந்ததா?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்றேன். "அப்படியென்றால் ஆசிரியர் யாரிலாவது முறைப்பாடா?" அதுவும் இல்லை, நான் ஷூல்பிரெசிடென்டினைப் பாராட்ட விரும்புகிறேன் என்றேன். ஏதோ தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. "முறைப்பாட்டுக்குப் படிவம் இருக்கிறது," என்றார். "பாராட்டுக்கு இல்லை. முறைப்பாட்டுப் படிவத்தை அனுப்பவா? அதில் குறிப்பு என்ற இடத்தில் எழுதலாம்." எத்தனையாவது இடம் என்பதை அவர்கள் பார்ப்பதேயில்லையாம். வலயத்தின் இடம் தெரியாமலே நித்திரை கொள்ளும் அதிகாரிகளை நான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன்.

ஆகவே எங்கள் பிள்ளைகளின் கணக்கை மட்டும் போடுவதென்று தீர்மானித்தோம். ஐந்தில் மூன்று, அறுபது வீதம். தவராசா முகத்தைச் சுளித்தார்.

"அறுபது எண்டா என்னண்ணை, பாஸ் மார்க் மாதிரிக் கிடக்கு. நூறு வராதோ?"

"வராது. எழுதினது அஞ்சு பேர்."

"தேறாத ரெண்டு பேரில, அந்த நிமலன்ர குடும்பம் போன மாதம் டீட்டிகோனுக்கு வீடு மாறிப் போட்டினமெல்லே. அந்தப் பெடியனை நாங்கள் ஏன் எங்கட கணக்கில வச்சிருக்கவேணும்? ஜெசிந்தான்ர பிள்ளைக்கு அண்டைக்குக் காய்ச்சலாம். தாயே எல்லாருக்கும் சொல்லித் திரியுது."

ஜெசிந்தா மன்னாரைச் சேர்ந்தவர். முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறார். கணவர் லுசேர்ணில் ஒரு ஹோட்டல் குசினியில், கிழமை முடிவில்தான் வீடு. ஒரே மகள் அனித்தா. அந்தப் பிள்ளை பரீட்சை எழுதியது எனக்கு நன்றாகத் தெரியும். அன்று காலை ரயிலடியில் அதைக் கண்டு வாழ்த்தியவனே நான். முடிவு வந்த பிறகுதான் தாய் உறவினருக்குத் தொலைபேசியில் காய்ச்சலை அறிவித்தார். மன்னாருக்கு அறிவித்து, கனடாவுக்கு அறிவித்து, கடைசியில் எங்கள் நகரத்துக்கும் அறிவித்துவிட்டார்.

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? கை தானாக வேலை செய்தது. ஒருவர் இடமாற்றம், ஒருவர் சுகவீனம், தோற்றியோர் மூன்று, சித்தி மூன்று. நூறு வீதம். கால் நூற்றாண்டுக்கு மேல் தொடாத சைக்கிளில் ஏறினாலும் விழாமல் ஓடுவது போல.

டொச் மடலை வாசிக்க நல்ல உச்சரிப்பு உள்ள பிள்ளை ஒன்று தேவைப்பட்டது. தேறிய மூன்று பிள்ளைகளும் பட்டுடுத்தி மேடையில் சும்மா இருப்பதென்று அவர்களின் பெற்றோர் முடிவெடுத்திருந்தார்கள். மிஞ்சியது அனித்தா. வாசிக்கத்தானே, பாதகமில்லை என்றார் தவராசா. விழாவுக்கு முதல் நாள் பிள்ளை என் வீட்டுக்கு வந்து மேசையில் இருந்து மடலை ஒரு தரம் மனதுக்குள் வாசித்தது. பிறகு விரலை ஒரு வரியில் வைத்தது.

"தாத்தா, இதில தோற்றின மூண்டு பேரும் எண்டு கிடக்கு. பிழை. நாங்கள் அஞ்சு பேர்."

"அது பிழையில்லைப் பிள்ளை. அது புள்ளிவிபரம்."

"புள்ளிவிபரம் எண்டா எண்ணுறதுதானே?"

நான் கண்ணாடியைத் துடைத்தேன். "உங்கட அம்மா உங்களுக்குக் காய்ச்சல் எண்டு சொன்னவ."

"அது அம்மா ரெலிபோனில சொல்லுறது," என்றது பிள்ளை, காலநிலையைச் சொல்வது போல. "நான் எழுதினனான் தாத்தா. கடைசிக் கணக்கைத் தவிர எல்லாம் செய்தனான். கை நொந்து போச்சு. அப்ப நான் எழுதினது எங்க போகும்?"

எல்லா நடைமுறையும் தெரிந்த எனக்கு இந்தக் கேள்விக்குரிய நடைமுறை தெரியவில்லை. "பெரியாக்கள் முடிவெடுத்தது, நீங்கள் வாசிச்சு விடுங்கோ" என்றேன். "ஓம், வாசிக்கிறன்" என்றது. ஒரு பிழையும் இல்லாமல் இரண்டு தரம் வாசித்துக் காட்டிவிட்டுப் போனது. மடலை மாற்ற எனக்கு ஒரு முழு நாள் இருந்தது. நான் தமிழ்ப் பிரதியில் ஒரு காற்புள்ளியை மட்டும் திருத்தினேன்.

விழா ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு, நான் வேலை செய்த அதே பாடசாலை மண்டபத்தில். மூன்று மணி என்றால் நான்கு மணி என்பது அழைப்பிதழ் பெற்ற எல்லோருக்கும் தெரியும், ஒருவரைத் தவிர. மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பிரதம விருந்தினர் தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். மண்டபத்தில் நானும் அனித்தாவும் அடுக்கி வைத்திருந்த கதிரைகளும் மட்டும். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மேலங்கியைக் கழற்றிவிட்டு எங்களோடு கதிரை பரப்பத் தொடங்கினார். எங்கள் பணிப்பாளர் கதிரையில் இருந்ததை ஆயிரம் தரம் கண்டிருக்கிறேன், தூக்கியதைக் கண்டதில்லை. ஆறாவது வரிசையில் நிற்கும்போது தவராசா மாலையும் பெட்டியுமாக வந்து, கண்ட காட்சியில் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஐயோ அண்ணை, என்ன இது? சீஃப் கெஸ்ட்டைக் கொண்டு கதிரை அடுக்கிறியள்! இனி ஆரை வாசலில வரவேற்கிறது?"

பிறகு அவர் தன் டொச்சில் அம்மையாருக்கு விளக்கினார்: தயவுசெய்து வெளியே போங்கள், நாங்கள் கூப்பிடும்போது திரும்பி வாருங்கள். அம்மையார் தான் ஏதோ சமயச் சடங்கைக் குழப்பிவிட்டதாக நினைத்துப் பலமுறை மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே போனார். சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் முக்கால் மணித்தியாலம் பொறுமையாக நின்றார். சனம் சேர்ந்த பிறகு, ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் முழங்க, நிறைகுடத்தையும் குத்துவிளக்கையும் தாண்டி அப்போதுதான் வருபவர் போல வந்தார். வரவேற்பு மிகச் சிறப்பாக நடந்தது.

பொன்னாடை போர்த்தியாயிற்று. தமிழ் மடலைத் தவராசா முழங்கினார். இமயம் இதிலும் இருந்தது. சுவிசில் மலைக்குப் பஞ்சமில்லை என்பதால் இந்த முறை எனக்கு அவ்வளவு கூச்சமாக இருக்கவில்லை. பிறகு அனித்தா டொச் மடலை வாசித்தது. அந்த வரியில் குரல் தடுமாறவில்லை. "தோற்றிய மூவரும் சித்தியடைந்தனர்; இது நூறு வீதம்." எல்லோரும் கை தட்டினார்கள். மூன்றாவது வரிசையில் ஜெசிந்தாவும் தட்டினார்.

அம்மையார் ஒலிவாங்கிக்கு வந்தார். தனக்கு இதெல்லாம் பெரிய ஆச்சரியம் என்றார். பிள்ளைகள்தான் படித்தார்கள், ஆசிரியர்கள்தான் படிப்பித்தார்கள், தன் வேலை பாடசாலைக்குப் போகும் வீதியில் விளக்கு எரிகிறதா, வகுப்பறை போதுமா என்று பார்ப்பது என்றார். எங்கள் சனம் இதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டியது. பிறகு, கிம்னாசியம் மட்டும் வாழ்க்கையில்லை, தன்னுடைய சொந்த மகனும் கூரை போடும் தொழில்தான் பழகுகிறான், மிகவும் சந்தோஷமாக இருக்கிறான் என்று பெருமையோடு சொன்னார். ஒருவரும் தட்டவில்லை. மண்டபம் துக்க வீடு போல ஆகிவிட்டது. எனக்குப் பின்னால் ஒரு பெண், "பாவம், தன்ர பிள்ளையையே கரையேத்தத் தெரியேல்லை, மனிசி சிரிச்சுக்கொண்டு நிக்குது" என்றார். பக்கத்தில் இருந்தவர், "எங்கட ரியூசனுக்கு அனுப்பியிருக்கலாம்" என்றார்.

பேச்சை முடித்துவிட்டு அம்மையார் பக்கத்தில் நின்ற அனித்தாவைப் பார்த்தார். இவ்வளவு அழகாக வாசித்தாயே என்று தோளில் கை வைத்தார். பிறகு, மிக இயல்பாக, ஒலிவாங்கியை நீட்டிக் கேட்டார்:

"அந்த மூவரில் நீ யார்?"

பட்டுடுத்திய மூவரும் பின்னால் கதிரைகளில்தான் இருந்தார்கள். அம்மையார் அவர்களை ஏதோ நடனக் குழு என்று நினைத்திருக்கிறார். அனித்தா தாயைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தது. கோபமாகப் பார்த்திருந்தால் நான் என் வயதுக்குத் தரையைப் பார்த்துச் சமாளித்திருப்பேன். அது அனுமதி கேட்பது போலப் பார்த்தது. பொய் சொல்வதா, மெய் சொல்வதா, எது பெரியாக்களின் முடிவு என்று.

நான் எழுந்தேன். தவராசா என் சேட்டின் நுனியைப் பிடித்து, "இருங்கோ அண்ணை, இருங்கோ" என்றார். என் டொச் ஹவுஸ்வார்ட்டின் டொச். யன்னலைப் பூட்டுங்கள், சப்பாத்தைக் கழற்றுங்கள் என்பவற்றில்தான் சரளம். அதைக் கொண்டு சொன்னேன்: "மூன்று பேர் அல்ல. ஐந்து பேர். நான் பிழையாக எண்ணிவிட்டேன். இந்தப் பிள்ளை நாலாவது."

அம்மையாரின் முகம் மலர்ந்தது. "ஐந்து பேரா! இன்னும் நல்லது!" என்று அவர் கை தட்டினார். அவர் தட்டியதைக் கண்டு மண்டபமும் தட்டியது. பத்து வினாடிக்குள் ஷூல்பிரெசிடென்டின் முன்னிலையில் அனித்தா கிம்னாசியப் பரீட்சையில் சித்தியடைந்துவிட்டது. என் சேவைக் காலத்தில் இப்படியொரு வேகத்தில் நான்கூட ஒருவரையும் சித்தியடையச் செய்ததில்லை.

அனித்தா ஒலிவாங்கியை வாங்கியது. முதலில் டொச்சில், பிறகு எங்களுக்காகத் தமிழில். "இல்லை. நான் எழுதினனான். பாஸ் பண்ணேல்லை. கணக்கில விட்டிட்டன். காய்ச்சல் ஒண்டும் இல்லை."

அம்மையார், "அட, எனக்கும் கணக்குத்தான் வராது" என்று சிரித்தார். அவருக்கு நடந்தது அவ்வளவுதான். ஒரு பிள்ளை ஒரு எண்ணைத் திருத்தியது. அவர் பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார், பிறகு மற்ற மூவருக்கும் அதே போலக் குலுக்கினார்.

தேநீர் நேரத்தில் ரோல்ஸ் தட்டோடு நான் ஒரு மூலையில் நின்றேன். ஜெசிந்தா நேரே வந்தார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்க்குமளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஆனால் கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

"அந்தக் காய்ச்சல் கதை ரெண்டு மாதமா நான் கட்டி வச்சிருந்தது அண்ணை," என்றார். "லோண்டரிக்குள்ள நிண்டுகொண்டு ஒவ்வொருத்தருக்காச் சொன்னனான். நீங்கள்தான் பிள்ளையைக் கணக்கில இருந்து எடுத்தனீங்கள், நீங்களே திருப்பிப் போட்டிட்டியள். ரெண்டு தரமும் என்னை ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?"

கேட்கவில்லை. ஊரிலும் எந்தத் தாயையும் நான் கேட்டதில்லை. அவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, தேநீர் குடிக்காமல் போய்விட்டார். மடலுக்காக எனக்குத் தந்திருந்த சங்க ஆலோசகர் பதவியிலிருந்து தவராசா என்னை ஒரு பெருமூச்சால் நீக்கினார். நீக்கியதோடு நிற்காமல், மண்டபத்தில் நடந்ததெல்லாம் நடக்காதது போல ஊர்ப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தியையும் படத்தையும் அனுப்பிவிட்டார். படத்தில் பொன்னாடையோடு அம்மையார், பட்டோடு மூன்று பிள்ளைகள், ஓரத்தில் ஒலிவாங்கி பிடித்த யாரோ ஒரு கையின் பாதி. "சுவிஸ் மண்ணில் தமிழ் மாணவர் நூறு வீத சித்தி." என் மடலிலிருந்து இரண்டு வரிகள் அப்படியே இருந்தன.

ஜெசிந்தா ஐந்தாறு கிழமைகள் என்னோடு கதைக்கவில்லை. ஜூலை மாதம், வெயில் கொழுத்திய ஒரு பின்னேரம், ஏரிக்கரைக் குளிக்குமிடத்தில் மரத்தடி வாங்கில் இருந்தேன். அவர் ஒரு துவாயோடும் கைத்தொலைபேசியோடும் வந்து, வேறு இடமில்லாததால் அதே வாங்கின் மறு நுனியில் இருந்தார். அனித்தா தண்ணீருக்குள் இருந்தது.

"அக்கா பேப்பர் பாத்திருக்கிறா," என்றார், என்னைப் பாராமல். "மன்னாரில. காய்ச்சல் வராட்டி எங்கட பிள்ளையின்ர படமும் வந்திருக்கும் எண்டு அழுகிறா. காய்ச்சல் இன்னும் விட்டு விட்டு வருது எண்டு நினைச்சு, பிள்ளைக்காக மடு மாதா கோயிலுக்கு நேர்த்தி வச்சு நடந்தே போயிட்டு வந்திருக்கிறா."

"நீங்கள் சொல்லேல்லையோ?"

"இஞ்ச எல்லாருக்கும் தெரியும், சரி. அங்க நான் மாத்தேல்லை அண்ணை. அங்க காய்ச்சலாவே இருக்கட்டும்."

அதைச் சொல்லி முடிக்கவும் தொலைபேசி அடித்தது. அக்காதான், முகத்தோடு. பிள்ளையைக் காட்டு, பிள்ளையைக் காட்டு என்றார். ஜெசிந்தா கரைக்குக் கை காட்ட, அனித்தா நீர் சொட்டச் சொட்ட ஓடி வந்தது. தாய் துவாயை எடுத்துக் கழுத்துவரை இறுகச் சுற்றினார். "பெரியம்மா கதைக்கிறா" என்றார். அந்த இரண்டு சொல்லிலேயே பிள்ளைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. துவாயை நாடிவரை இழுத்துக்கொண்டு, கண்களைப் பாதி மூடி, இரண்டு தரம் இருமியது. அந்தக் காய்ச்சலுக்கு இருமல் கிடையாது; ஆனாலும் நான் தலையிடவில்லை.

"இப்ப பரவாயில்லைப் பெரியம்மா."

"ஐயோ என்ர குஞ்சு, தலையெல்லாம் நனைஞ்சு கிடக்கு! வேர்க்குதோ?"

"ஓம் பெரியம்மா. காய்ச்சல் விடுகுது."

"மாதாவே! நேர்த்திக்குப் பலன் கிடைச்சிட்டுது," என்று மன்னாரில் அழுகை கேட்டது. அனித்தா தொலைபேசியைத் தாயிடம் கொடுத்துவிட்டுத் துவாயை வாங்கில் எறிந்தது. பலகைப் பாலத்தில் ஓடி, முழங்காலைக் கட்டிக்கொண்டு ஏரிக்குள் பாய்ந்தது. பெரிய சத்தம். ஜெசிந்தா திடுக்கிட்டுத் தொலைபேசியை மரக்கிளைப் பக்கம் திருப்பினார்.

"அதென்னடி சத்தம்?"

ஜெசிந்தா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு ஏரியைப் பார்த்தார்.

"அது ஆரோ வெள்ளைக்காரப் பிள்ளை குதிக்குது அக்கா."

நடு ஏரியில் தலையை நீட்டிய அந்த வெள்ளைக்காரப் பிள்ளை, "அம்மா, இஞ்ச பாருங்கோ!" என்று கத்தியது.